கைநாட்டு வைத்தால் புத்திசாலி! மறுத்தால் பைத்தியமா?

ஆஸ்பத்திரி வார்டில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர் நம்மில் எத்தனை பேர்?

ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் உழைத்த ஒரு தொழிலாளி. சர்க்கரை வியாதி. காலில் ஒரு சிறு புண். கவனிக்க லீவும் இல்லை, காசும் இல்லை. புண் அழுகிவிட்டது. காலை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, "பெரியவரே, இதுல கைநாட்டு வையுங்க" என்கிறார்கள்.

அவர் கேட்கிறார்: "கால எடுத்துட்டா அப்புறம் நான் என்னங்க பண்ணுவேன்? வேற வழி ஏதாச்சும் இருக்குங்களா? பையன் காலையில வந்துருவான். ஒரு வார்த்தை கலந்துக்கிட்டுச் சொல்றேனுங்க."

இதில் என்ன பிசகு கண்டீர்கள்? போகப் போவது அவருடைய கால். கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் கிடைக்கும் பதில் என்ன? "பெருசுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. வீட்டு ஆளுங்க யாராவது இருந்தா கூப்பிடுங்க. அவங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்கலாம்."

நேற்று இதே பெரியவர் ரத்தம் ஏற்றுவதற்குக் கைநாட்டு வைத்தார். அப்போது அவருக்குப் புத்தி நிதானம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்று "யோசித்துச் சொல்கிறேன்" என்றார். உடனே புத்தி கெட்டுவிட்டது! தலையாட்டினால் புத்திசாலி, தலை நிமிர்ந்தால் பைத்தியம் என்பது எந்த ஊர் வைத்திய சாஸ்திரம்?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்றார்கள் முன்னோர்கள். அம்பலத்தில் மட்டுமல்ல, தன் உடம்பு கிடக்கும் கட்டிலில்கூட ஏழை சொல் ஏறாது என்றால், அதைப் பொறுத்துக்கொண்டிருக்கலாமா? இந்தக் கேள்வியைத்தான் இன்று எழுப்புகிறோம்.

புத்தியை அளப்பது எப்படி?

நோயாளிக்குத் தன் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியமான காரியம். அதை நாம் மறுக்கவில்லை. அளக்க வேண்டிய கோலால் அளக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

அந்தக் கோல் ஒன்றும் ரகசியமல்ல. நாலே கேள்விகள்தான். தன் வியாதியையும் சிகிச்சையையும் பற்றிச் சொன்னது அவருக்கு விளங்குகிறதா? முடிவெடுக்கும் வரையிலாவது அதை நினைவில் வைத்திருக்கிறாரா? செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்று சீர்தூக்கிப் பார்க்கிறாரா? தன் முடிவை வாயாலோ, எழுத்தாலோ, சைகையாலோ தெரிவிக்கிறாரா? இங்கிலாந்தில் 2005-இல் செய்த சட்டம் இந்த நான்கையும்தான் கேட்கிறது. இதற்குப் பள்ளிக்கூடச் சான்றிதழ் வேண்டாம். இங்கிலீஷ் வேண்டாம். பெரிய மனநல நிபுணர்கூட எப்போதும் வேண்டியதில்லை. சிகிச்சை செய்கிற டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகச் சொல்லி, "நான் சொன்னதை உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் போதும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் திறன், ஒருவருக்கு ஒரேயடியாக உண்டு, ஒரேயடியாக இல்லை என்று முத்திரை குத்துகிற சமாச்சாரம் அல்ல. ராத்திரி காய்ச்சலில் பிதற்றியவர் காலையில் தெளிவாக இருக்கலாம். பெரிய ஆப்பரேஷனின் நெளிவு சுளிவு விளங்காதவருக்கு, ஊசி போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பது நன்றாக விளங்கலாம். எந்த நேரத்தில், எந்த முடிவுக்கு என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? "இன்றைக்கு என்ன தேதி? நூறில் ஏழைக் கழித்தால் எத்தனை?" 1975-இல் அமெரிக்காவில் வகுத்த ஒரு மனநிலைச் சோதனையில் இப்படிப்பட்ட கேள்விகள் உண்டு. ஞாபகம் எப்படி இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்க்க அது உதவும். ஆனால் பள்ளிக்கூடமே போகாதவர் அதில் தோற்றால், தோற்றது அவர் புத்தியா, படிப்பா? இந்தச் சிக்கல் தெரிந்துதான் 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில், எழுத்தறியாத கிராமத்து முதியவர்களுக்காகவே கேள்விகளை மாற்றி அமைத்தார்கள். அப்படி மாற்றிய சோதனைகூட ஞாபகத்தைத்தான் அளக்கும். காலை எடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் திறனை அது அளக்காது.

"படிக்காதவனுக்கு விளக்கி என்ன பிரயோஜனம்?" என்று கேட்கும் கனவான்களுக்கு ஒரு வார்த்தை. அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டுகிறவனுக்கு, நாற்பதாம் நம்பர் நூலையும் அறுபதாம் நம்பர் நூலையும் தொட்டே சொல்கிறவனுக்குப் புத்தி இல்லையா? எந்த நாற்றை எத்தனையாம் நாள் பறிக்க வேண்டும், எந்த வயலுக்கு எப்போது தண்ணீரை வடிக்க வேண்டும் என்று சொல்கிற உழைப்பாளிப் பெண்ணுக்குப் புத்தி இல்லையா? அவர்களுக்கு விளங்காதது உங்கள் பாஷை. அவர்கள் பாஷையில் சொல்லிப் பாருங்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

இது நம் சொந்த சரக்கல்ல. 2017-இல் பார்லிமெண்ட் நிறைவேற்றி, 2018-இல் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவைப் பாருங்கள். மனநோய் உள்ளவரையும் சேர்த்து ஒவ்வொருவருக்கும், சொன்னதைப் புரிந்துகொள்ளவோ, பலாபலனை உணரவோ, முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்கவோ முடியுமானால், முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே கருத வேண்டும். விவரத்தை அவருக்குப் புரியும் எளிய பாஷையில், வேண்டுமானால் சைகையிலோ படத்திலோ சொல்ல வேண்டும். அவர் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகப் பட்டால், அந்த ஒரு காரணத்துக்காக அவரைத் திறனற்றவர் என்று சொல்லக் கூடாது.

3-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. ஏழை, கூலிக்காரன், சங்கத்துக்காரன் என்பதெல்லாம் வியாதி அல்ல என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது!

இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது? 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதியை நாம் மறந்துவிட முடியாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டார்கள். "இவனுக்குப் புத்தி இல்லை" என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அவன் கதறலும் வெறும் சத்தம்தான். அதன் கோர முடிவை அன்று நாடு பார்த்தது. எந்த வடிவத்திலும் மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டத்தின் 95-ஆவது பிரிவு இன்று சொல்கிறது.

இந்தச் சட்டம் மனநல சிகிச்சைக்கு உரியது. உடம்பு நோய்க்கு என்ன வழி என்று கேட்கலாம். அதற்கு 2008 ஜனவரி 16-இல் சுப்ரீம் கோர்ட் வழங்கிய தீர்ப்பு இருக்கிறது. 1995-இல் டில்லியில் 44 வயதுப் பெண் ஒருவர், வயிற்றில் குழாய் விட்டுச் சோதிப்பதற்குச் சம்மதித்து ஒரு தனியார் மருத்துவமனையில் படுத்தார். மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. அந்த மயக்கத்தில் அவர் கிடக்கையிலேயே, வெளியே காத்திருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கி, அவருடைய கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். கண் விழித்த பெண் வழக்குத் தொடுத்தார். கோர்ட் என்ன சொல்லிற்று? வயது வந்த, திறனுள்ள நோயாளி இருக்கும்போது அவருக்காக வேறொருவர் சம்மதம் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. மயக்கம் தற்காலிகமானது. உயிருக்கு அவசரம் இல்லாதபோது, தெளிந்த பிறகு அவரையே கேட்டிருக்க வேண்டும். சம்மதம் கொடுப்பவருக்குத் திறன் வேண்டும். சம்மதம் மனமுவந்ததாக இருக்க வேண்டும். போதிய விவரம் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத சம்மதம் சம்மதமே அல்ல.

தலைநகரில் காசு கொடுத்து வைத்தியம் பார்க்கப் போனவருக்கே இந்த கதி! பெற்ற தாயின் கையெழுத்தே செல்லாது என்றால், வராந்தாவில் நிற்கும் மைத்துனன் கையெழுத்து எப்படிச் செல்லும்?

லண்டன் கோர்ட்டில் ஒரு கால்

நம் மில் தொழிலாளியின் காலைப் போலவே ஒரு கால், 1993-இல் லண்டன் ஹைகோர்ட்டுக்கு வந்தது. பிராட்மூர் என்ற காவல் மனநல ஆஸ்பத்திரியில் இருந்த 68 வயது மனிதர். மனச்சிதைவு நோயாளி. தாம் உலகப் புகழ்பெற்ற டாக்டர் என்று நம்பிக்கொண்டிருந்தவர். அவர் கால் அழுகிற்று. எடுக்காவிட்டால் பிழைப்பதற்கு நூற்றில் 15 பங்குதான் வாய்ப்பு என்றார் சர்ஜன். அவர் மறுத்துவிட்டார். காலை மிச்சம் வைத்துச் செய்யக்கூடிய சிகிச்சைக்கு மட்டும் சம்மதித்தார்.

இவரைவிடப் 'பைத்தியம்' என்று முத்திரை குத்தத் தோதான ஆள் கிடைப்பாரா? ஆனாலும் நீதிபதி அப்படிச் செய்யவில்லை. வியாதியைப் பற்றிச் சொன்னது இவருக்கு விளங்கியதா, அதை நம்பினாரா, சீர்தூக்கிப் பார்த்தாரா என்று மட்டும் பார்த்தார். ஆம் என்று கண்டார். தாம் பெரிய டாக்டர் என்ற பிரமை வேறு, தம் காலைப் பற்றிய தீர்மானம் வேறு என்று பிரித்தார். எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அந்தக் காலை எடுக்கக் கூடாது என்று தடை உத்தரவு போட்டார். அந்த மனிதர் அந்த ஆபத்திலிருந்து பிழைத்தும் கொண்டார்.

அவர் பிழைத்தது அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். சர்ஜனின் எச்சரிக்கை பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அழுகிய காலை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்ற நிலை எத்தனையோ பேருக்கு வருகிறது. டாக்டர் அதை ஒளிக்காமல் அழுத்திச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்வது வேறு. "நீ ஒப்பாவிட்டால் உனக்குப் புத்தி இல்லை" என்பது வேறு. காவலில் கிடந்த மனநோயாளிக்குக் கிடைத்த மரியாதை, முப்பது வருஷம் நூல் நூற்ற தொழிலாளிக்குக் கிடைக்கக் கூடாதா?

தலையாட்டுகிறவரை யார் பார்க்கிறார்கள்?

இப்போது நாணயத்தின் மறுபக்கத்தைப் பாருங்கள். மறுக்கிறவரை அவசரமாகச் சோதிப்பவர்கள், தலையாட்டுகிறவரைச் சோதிப்பதே இல்லை. 2004-இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. முடிவெடுக்கும் திறன் இல்லாதவர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் பேசிப் பார்த்துக் கண்ட 50 நோயாளிகளில், சிகிச்சை செய்த டாக்டர்கள் அப்படி அடையாளம் கண்டிருந்தது 12 பேரை மட்டுமே! மற்ற 38 பேர்? தகராறு செய்யாமல் கிடப்பவரை யார் கவனிக்கிறார்கள்?

நம் ஊரில் இது உயிரைக் குடிக்கும் விஷயம். கடும் காய்ச்சல், சர்க்கரை இறக்கம், தலையில் அடி, ரத்தத்தில் உப்புக் குறைவு, இவற்றில் எதுவும் மனிதனின் நிதானத்தைக் கலைத்துவிடும். சன்னி கண்டவர் எல்லோரும் கத்திப் பிதற்றுவதில்லை. சிலர் பேசாமல் சுருண்டு கிடப்பார்கள். எதைக் கேட்டாலும் "சரிங்க" என்பார்கள். அவர் கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்துக் காகிதத்தில் ஒற்றினால் அது சம்மதமா?

குடிப்பழக்கம் உள்ள தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். கை முறிந்து ஆஸ்பத்திரியில் படுக்கிறார். குடி நின்றுவிடுகிறது. இரண்டு மூன்று நாளில் கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரிகிறது. "என்னை விடு, நான் போகிறேன்" என்று எழுந்து ஓடுகிறார். இது உயிருக்கே ஆபத்தான வியாதி. மருந்து கொடுத்துக் காப்பாற்ற வேண்டிய வேளை. ஆனால் என்ன செய்கிறார்கள்? "டாக்டர் சொல்லை மீறி என் சொந்தப் பொறுப்பில் போகிறேன்" என்ற காகிதத்தில் கைநாட்டு வாங்கி வாசலைக் காட்டுகிறார்கள். அந்த நேரத்தில் மட்டும் அவருக்குப் பூரண புத்தி வந்துவிட்டதாம்!

கடன் தொல்லையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, தூக்கிவரப்பட்ட விவசாயக் கூலி "என்னை விட்டுவிடுங்கள்" என்றால், அதையும் நிதானமான முடிவு என்று எடுத்துக்கொண்டு கை கட்டி நிற்கக் கூடாது. அவர் கடும் மன உளைச்சலில் இருந்தவர் என்றே முதலில் கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது சர்க்காரின் கடமை என்று 2017 சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது.

ஆக, திறன் உள்ளவர் மறுத்தால் அவர் சொல்லைத் தள்ளுகிறார்கள். திறன் இழந்தவர் தலையாட்டினால் அவர் கைநாட்டை ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டிலும் லாபம் யாருக்கு? வேலை சீக்கிரம் முடிய வேண்டும், பொறுப்பு தன் தலையில் விழக் கூடாது என்று நினைக்கிற நிர்வாகத்துக்கு!

தராசில் கூலியும் இருக்கிறது

சீர்தூக்கிப் பார்க்கும் திறன் என்றோம். நடுத்தர வர்க்கத்தார் சீர்தூக்கும்போது தராசில் வியாதி ஒரு தட்டு, சிகிச்சை ஒரு தட்டு. நமக்கோ அதே தராசில் நாள் கூலி இருக்கிறது, கந்து வட்டி இருக்கிறது, அறுவடைக் காலம் இருக்கிறது. "ஆப்பரேஷன் இப்போது வேண்டாம், அறுப்பு முடியட்டும்" என்கிற பெண்ணுக்குப் புத்தி இல்லை என்கிறார்கள். அவளுக்குப் புத்தி இருக்கிறது. கையில் காசுதான் இல்லை. இல்லாதது எது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் வியாதி தீருமா?

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைப் பாருங்கள். மூன்று ஆண்டுகளில் அங்கே 4,605 பெண்களின் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது என்று 2019-இல் அந்த மாநில அமைச்சரே சட்டமன்றத்தில் கணக்குச் சொன்னார். அந்த மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகும் கூலிப் பெண்கள் பலருக்கு இப்படி ஆகிவிட்டது என்ற செய்தி வெளிவந்த பிறகுதான் இந்தக் கணக்கும் வெளியே வந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் பிடிக்கும் தொழில் அது. காகிதத்தைப் பார்த்தால் எல்லாம் சம்மதம்தான். அந்தப் பெண்களுக்குப் புத்தியும் இருந்தது. மாதவிலக்கு நாளுக்கும் கூலி வெட்டு என்றால், அந்தத் தராசில் எந்தப் புத்தி நியாயமாக எடை போட முடியும்? மனமுவந்த சம்மதம் வேண்டும் என்ற சுப்ரீம் கோர்ட் வாக்கு கரும்புக் காட்டில் என்ன ஆயிற்று?

டாக்டர்கள் மீது பகையா?

இல்லை. ராத்திரி முழுவதும் கண் விழித்து வார்டைச் சுமக்கும் இளம் டாக்டரும் நர்ஸும் நம்மைப் போல் உழைப்பாளிகளே. நூறு நோயாளிக்கு ஒருவர் என்று நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம் விளக்கு என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? அவசரத்தில் பேச்சு மூச்சில்லாமல் கிடப்பவரைக் காப்பாற்றச் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதும் நமக்குத் தெரியும். ஆளைக் கொடுக்காத சர்க்காரும், கட்டிலைக் காசாக்கும் முதலாளியுமே நம் குறி. ஆனால் ஒன்று: ஆள் பற்றாக்குறை அரை மணி தாமதத்துக்குக் காரணமாகலாம், மனிதனைப் பைத்தியம் என்று சொல்வதற்குக் காரணமாகாது.

ஆகவே நாம் கோருவது இதுதான்:

1. சம்மதக் காகிதம் தமிழில், பேச்சு வழக்கில் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் வார்த்தையில் திருப்பிச் சொல்லக் கேட்ட பிறகே கைநாட்டு வாங்க வேண்டும்.

2. திறன் இல்லை என்று ஒரு டாக்டர் தீர்மானித்தால், எந்தக் கேள்விக்கு என்ன பதில் வந்தது, எதனால் அப்படி முடிவு செய்தார் என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். தெளியக்கூடிய நிலை என்றால் தெளிந்த பின் மறுபடியும் கேட்க வேண்டும்.

3. "சொந்தப் பொறுப்பில் போகிறேன்" என்ற காகிதம் வாங்குமுன், போகிறவருக்கு நிதானம் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

4. விளக்கிச் சொல்ல நேரம் வேண்டும். அதற்குப் போதிய டாக்டர்களும் நர்ஸுகளும் வேண்டும். ஆப்பரேஷனுக்குப் படுத்த நாளுக்குக் கூலி வேண்டும்.

சர்க்கார் செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்கக் கூடாது. ஒரு தோழர் ஆஸ்பத்திரியில் படுத்தால் சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போகட்டும். அவருக்காக முடிவெடுக்க அல்ல. அவர் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்க. என்ன வியாதி? என்ன செய்யப் போகிறீர்கள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? இந்த நாலு கேள்வியையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று மாறிப் பேசினாலோ, பேசாமல் மயங்கிக் கிடந்தாலோ, "இவர் நேத்து இப்படி இல்லீங்க" என்று உடனே நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றும்.

அந்த மில் தொழிலாளி கடைசியில் காலைக் கொடுக்கச் சம்மதிக்கலாம், சம்மதிக்காமலும் போகலாம். விளங்கச் சொன்ன பிறகு, மகனோடு கலந்த பிறகு, அவர் வாயால் வரும் சொல்தான் கடைசிச் சொல்.

முதலில் விளங்கச் சொல்! பிறகு கேள்! கேட்ட சொல்லை மதி!